விற்றவன் கட்டட்டும்

பிப்ரவரி 9

என் அன்பான மனைவிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரம்மா படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். காலமெல்லாம் தகரம் அடித்த காது, போனில் நீ பேசினால் எனக்கு ஈ பறக்கிற மாதிரிதான் இருக்கும். அதனால் அவள் கத்திப் படிக்க வேண்டியிருக்கிறது. 'கார் வாங்கிவிட்டேன்' என்ற இடம் வந்ததும் எதிர்க்கடைத் தையல்காரன் மிஷினை நிறுத்திவிட்டான். நகல் எடுக்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள்.

வாங்கியது இருக்கட்டும். உன் அக்காவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பார்த்துக்கொள்ள அங்கே போனாய், உடற்பயிற்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், பஸ்ஸில் ஏற்ற முடியாது, எல்லாம் சரி. யாரிடம் வாங்கினாய்? டிரைவிங் வாத்தியாரிடம். என்ன விலைக்கு? அந்த மாடல் போகிற விலையில் பாதிக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதே தவிர கார் விலை தெரியாமல் இல்லை. கதவு நசுங்கி என் டிங்கர் பட்டறைக்கு வருகிற வண்டியே அதைவிடக் கூடப் போகும். ஒருவன் பாதி விலைக்கு ஏன் கொடுக்கிறான்?

கேட்டுவிட்டு மறந்துவிடுவான் என்று நினைத்திருப்பாய். படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் மறதி, காகிதத்தில் இருக்கிறது என்கிற தைரியம். எனக்கு எல்லாம் மண்டைக்குள். நவம்பரில் நீ எழுதியது ஒரே வரி: 'டிரைவிங் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.' டிசம்பரில்: 'வாத்தியார் ரொம்பப் பொறுமை, ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை.' ஜனவரியில்: 'வாத்தியார் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டார்.' அவன் டீயில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும்? வகுப்பு ரோட்டில் நடந்ததா, அடுப்படியில் நடந்ததா?

அதுவும் பயிற்சி வண்டி. அவன் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். இத்தனை மாதமாக நீ எங்கே நிற்க வேண்டும் என்பதை அவன் கால் முடிவு செய்திருக்கிறது.

பழைய வண்டியானாலும் விற்பனை வரி உண்டு. அது விற்றவன் பாடு. ஏமாந்துபோய் நீ சல்லிக்காசு கொடுத்துவிடாதே.

எப்போது வருகிறாய்? வீட்டில் ஒரு சாமானும் இருந்த இடத்தில் இல்லை.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 17

உங்களுக்கு,

முதலில் ஒன்று சொல்லுங்கள். 'என் அன்பான மனைவி' யாருடைய வார்த்தை? கல்யாணமான நாளிலிருந்து 'ஏய்' கேட்டிருக்கிறேன், 'எங்கே தொலைஞ்சே' கேட்டிருக்கிறேன். இது புதிது. எழுத்தும் குண்டு குண்டாக, கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது. நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். பக்கத்தில் நீங்களும் நிதானமாக உட்கார்ந்திருப்பீர்கள். பட்டறை ரசீது, பாங்க் சலான், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கடிதம் என்று உங்களுக்காக எல்லாம் எழுதியவள் நான். நான் எழுதும்போது ஒரு நாளும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. 'சீக்கிரம் முடி' என்று வாசலில் நிற்பீர்கள்.

வாத்தியார் வகுப்பு முடிந்ததும் படிக்கிற எல்லாருக்கும் கடையில் டீ வாங்கித் தருவார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது டீக்கடைக்காரருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

நீங்கள் கேட்ட அதே கேள்வியைப் பதிவு அலுவலகத்தில் கவுன்டர் அம்மாவும் கேட்டார். பெயர் மாற்றத்துக்காக நானும் வாத்தியாரும் போய் நின்றோம். விலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சொந்தமா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ கம்மியா குடுத்தாரு?"

அவர்களிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த மாடல், எத்தனை வருஷப் பழசு, என்ன பெறும் என்று அதில் போட்டிருக்கும். அதைவிட ரொம்பக் குறைத்து எழுதினால், வரியை மிச்சம் பிடிக்கப் பொய் விலை போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவார்களாம். இது பயிற்சி வண்டி, பார்த்தவர் யாரும் வாங்கவில்லை, இவருக்குக் கண் மங்கிப் பள்ளியையே மூடுகிறார் என்று சொன்னேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். 'இந்தத் தொகையைத் தவிர எங்களுக்குள் வேறு எதுவும் கைமாறவில்லை' என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அதோடு வரிப் பேச்சு முடிந்தது, நீங்களும் விட்டுவிடுங்கள். இந்த மாதத்துக்குள் என் பெயருக்கு வண்டி வந்துவிடும். பார்க்க நன்றாகவே இருக்கிறது, ஒரு கீறல் கிடையாது.

அக்காவின் விரல்கள் மடங்க ஆரம்பித்திருக்கின்றன. நேற்று கரண்டியைப் பிடித்தாள்.

இன்னொன்று. ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று உங்களிடம்தான் முதலில் கேட்டேன். பட்டறை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் 'இவ ஓட்டினா நமக்கு வேலைக்குப் பஞ்சமே இருக்காதுடா' என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நீங்கள். உங்களுக்குத்தான் எல்லாம் மண்டைக்குள் இருக்குமே, அது இருக்கிறதா என்று பாருங்கள்.


பிப்ரவரி 25

உனக்கு,

'அன்பான' நான் சொன்னதில்லை. கடிதம் என்றால் தலை வேண்டாமா என்று அவளே போட்டுக்கொண்டாள். இனிமேல் என் வாயில் வராததை எழுதாதே என்று சொல்லிவிட்டேன். அவள் உன்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள். எப்போதும் வாயில் பேனா மூடி. எழுதும்போது நான் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருக்கிறது, எதிரில் உட்கார்ந்தால் அவள் கேட்பது எனக்குக் கேட்பதில்லை. அதற்கென்ன?

நீ எழுதிய அந்த ஒரு வரியை அவளை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன். 'எங்களுக்குள் வேறு எதுவும் கைமாறவில்லை.' ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருத்தி எதற்குக் கையெழுத்துக் கேட்பாள்? நான் எத்தனையோ பேரிடம் பழைய கதவு, பழைய பம்பர் வாங்கியிருக்கிறேன். ஒருவனும் என்னிடம் இப்படி எழுதி வாங்கியதில்லை. உங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் முன்பின் தெரியாத கவுன்டர்க்காரிக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றாமலா 'சொந்தமா' என்று கேட்டாள்?

தையல்காரன் வேறு, மிஷினை நிறுத்திவிட்டு, "என்னண்ணே, அக்கா என்னமோ கைமாறலன்னு எழுதியிருக்காங்களாமே" என்றான். அவன் கேட்டது எனக்குச் சரியாகக் கேட்டுத் தொலைத்தது.

நானும் சும்மா இல்லை. மறுநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு இங்கே இருக்கிற பதிவு அலுவலகத்துக்குப் போனேன். எல்லா ஊருக்கும் ஒரே இலாகாதானே. இன்ன நம்பர் வண்டி, பாதி விலைக்கு எழுதியிருக்கிறார்கள், விலை பொய், வண்டி கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கிறது, விசாரியுங்கள் என்றேன். நம்பர், நீ கார் வாங்கியதாக எழுதிய கடிதத்தில் கேட்டது, மறக்கவில்லை. அங்கிருந்தவன் "நீங்க யாரு பெரியவரே?" என்றான். "தொழில் தெரிஞ்சவன்" என்றேன். நான் சொன்னதை எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டான்.

இனி உன் வாத்தியார் முழு விலைக்கும் வரி கட்டட்டும். விற்பனை வரிதானே, விற்றவன் கட்டட்டும். அப்போது தெரியும் பொறுமை எவ்வளவு என்று. எத்தனையோ நாளைக்கு அப்புறம் நேற்றுத்தான் படுத்ததும் தூங்கினேன்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 8

உங்களுக்கு,

நீங்கள் பழைய கார் விற்கும் கடைகளில் வேலை பார்த்திருக்கிறீர்கள். அங்கே முதலாளி வரி கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அவர் தன் பையிலிருந்து கட்டவில்லை. கார் வாங்க வந்தவரிடம் விலையோடு சேர்த்து வாங்கி, அதைத்தான் கட்டினார். கடை இல்லாமல் ஒரு தனி ஆளிடம் இன்னொரு தனி ஆள் வாங்கினால், வாங்கியவரே அலுவலகத்துக்கு நேரில் போய் வரி கட்ட வேண்டும். கட்டினால்தான் பெயர் மாறும்.

வாங்கியவர் நான்.

நீங்கள் அவரைக் குறி வைத்து எறிந்தது என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. பெயர் மாற்றத்தை நிறுத்திவிட்டார்கள். பில் விலை செல்லாது, அட்டவணை விலைக்கு வரி கட்டு, கட்டும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதே என்கிறார்கள். வண்டி வாசலில் நிற்கிறது, பூனை அதன்மேல் படுத்துத் தூங்குகிறது. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கரண்டி பிடித்த கை மறுபடி விறைத்துவிட்டது. 'என்னடி, இன்னிக்கும் போகலியா' என்று கேட்கிறாள். வண்டி ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு விதத்தில் உண்மைதான்.

வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். "அடடா, நாந்தான் கூட வெல சொல்லியிருக்கணும்" என்று அவர் என்னிடம் வருத்தப்பட்டார். அந்த மனிதர் முகத்தில் எப்படி முழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கவுன்டர் அம்மா புகாரைப் படித்துக் காட்டினார். எந்த ஊரிலிருந்து வந்தது என்றும் சொன்னார். "யாரோ தொழில் தெரிஞ்சவராம், கைநாட்டு வெச்சிருக்காரு. ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?" என்றார்.

தெரியாது என்று சொன்னேன்.

உங்களைத் தெரியாது என்று நான் ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

அலுவலகத்துக்கு அவளும் உங்களோடு வந்தாளா?


மார்ச் 14

உனக்கு,

அவள் வரவில்லை. தனியாகத்தான் போனேன்.

உன் கடிதத்தை அவள் கத்தாமல் படித்தாள். எனக்குப் பாதி கேட்கவில்லை. கத்து என்றேன். "இதக் கத்திப் படிக்க முடியாது பெரியவரே" என்று கடையின் உள்பக்கம் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் படித்தாள். தையல்காரனுக்கு ஏமாற்றம்.

நான் செய்தது தப்பு என்று எழுதட்டுமா என்று கேட்கிறாள். அவளாக எழுதினால் எழுதிக்கொள்ளட்டும்.

ஒரு வழி இருக்கிறது. மறுபடி அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். புருஷன் பெண்டாட்டிக்கு வண்டி கொடுத்தால் வரியே கிடையாதாம். அப்பன் பிள்ளைக்குக் கொடுத்தாலும் அப்படித்தானாம். அதனால் நீ வண்டியை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிடு. நான் அவனிடம் முழு விலை கொடுத்து வாங்குகிறேன், முழு வரியும் நானே கட்டுகிறேன். பட்டறையில் இருக்கிற வெல்டிங் மிஷினை ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அப்புறம் உனக்கு நான் கொடுக்கிறேன். உனக்கு வரி இல்லை, வம்பு இல்லை.

வண்டி அவன் கையிலிருந்து உனக்கு வரக் கூடாது. என் கையிலிருந்து வரட்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

நான் எழுதச் சொன்னது இவ்வளவே.


மார்ச் 20

உங்களுக்கு,

வெல்டிங் மிஷினை விற்க வேண்டாம். வண்டியைத் திருப்பிக் கொடுப்பதாகவும் இல்லை. நான் அவருக்குத் திருப்பி விற்றால் அது ஒரு விற்பனை, அதற்கு அவர் வரி கட்ட வேண்டும். அவர் உங்களுக்கு விற்றால் அது இன்னொன்று, அதற்கு நீங்கள் கட்ட வேண்டும். உங்கள் கைபட்டு வர வேண்டும் என்பதற்காக ஒரே வண்டிக்கு ஊரெல்லாம் வரி கட்டச் சொல்கிறீர்கள்.

அவர் எனக்கு வண்டியைக் கொடுக்கவும் இல்லை. நான் வாங்கினேன். அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து ராத்திரி பகல் பார்க்காமல் திரைச்சீலை தைத்துக் கொடுத்த பணம். 'அவன் கொடுத்தான்', 'நான் கொடுக்கிறேன்' என்று இரண்டு ஆண்பிள்ளைகளாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

கவுன்டர் அம்மா வேறு வழி சொன்னார். அட்டவணை நல்ல நிலையில் உள்ள வண்டிக்குப் போட்டது. வண்டி அந்த நிலையில் இல்லை என்று தொழில் தெரிந்தவர் யாராவது வண்டியைப் பார்த்து அவர் முன்னால் சொன்னால், பில் விலையையே எடுத்துக்கொள்வார். இங்கே உள்ள பட்டறைக்காரர்களிடம் கேட்டேன். புகார் வந்த வண்டி என்றதும் ஒதுங்குகிறார்கள்.

கீறல் இல்லை என்று நான் எழுதியது, கழுவித் துடைத்த சந்தோஷத்தில் எழுதியது. எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள் பார்க்காமலே பளபளவென்று இருக்கிறது என்று கைநாட்டு வைத்தீர்கள். வந்து பார்த்துவிட்டு இருப்பதைச் சொல்லுங்கள். நல்ல வண்டி என்றால் நல்ல வண்டி என்றே சொல்லுங்கள், நான் முழு வரியும் கட்டிக்கொள்கிறேன். எனக்காகப் பொய் வேண்டாம்.

வாத்தியாரும் அன்று அங்கே இருப்பார், அவர் கையெழுத்தும் வேண்டும். அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

அக்காவுக்கு நீங்கள் வருவதாகச் சொல்லவில்லை. வரும்வரை நம்ப மாட்டாள்.


ஏப்ரல் 2

உனக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

அலுவலக வாசலில் வண்டியைத் தட்டிப் பார்த்தபோது எனக்குச் சத்தம் கேட்கவில்லை, உள்ளங்கைக்குத்தான் தெரிந்தது. இடது பக்கம் முழுக்கத் தகரமே இல்லை, பள்ளம் அடைக்கிற பட்டி. கண்டவனும் கற்றுக்கொள்கிறேன் என்று சுவரில் உரசியதையெல்லாம் பட்டி வைத்து மெழுகிப் பெயின்ட் அடித்திருக்கிறான் யாரோ. அடித்தளத்தில் விரல் நுழைகிற துரு. நான் கவுன்டர்க்காரியிடம் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பில் விலைக்கே வரி என்று அவள் முடித்தாள், நீ கட்டினாய், வண்டியின் ஆர்.சி. புத்தகம் உன் பெயருக்கு மாறியது. "மொதல்ல பளபளன்னு சொன்னவரும் நீங்கதானா?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். காது போனதில் அந்த ஒரு லாபம்.

உன் வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மனதில் ஓர் ஆளை வைத்திருந்தேன். மீசை, தொப்பி, கையில் சாவி. வந்தவன் சுவரைத் தடவிக்கொண்டு வந்தான். கையெழுத்துப் போடும் இடத்தை நீ விரலால் காட்ட வேண்டியிருந்தது. இவனா என்று எனக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ எங்கே நின்று பேசினாலும் அவன் முகம் அந்தப் பக்கம் திரும்பிற்று. நீ பின்னால் போனாய், பின்னால் திரும்பினான். மெதுவாகத்தான் பேசியிருப்பாய், உனக்குக் கத்திப் பேசுவது பிடிக்காது. அவனுக்கு உன் குரல் கேட்கிறது. எனக்குக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. மற்றதையெல்லாம் நான் விட்டுவிடுவேன், இதை எப்படி விடுவது என்று தெரியவில்லை.

இன்னொன்று. எல்லாம் முடிந்தபின் கவுன்டர்க்காரி என்னைக் காட்டி உன்னிடம் ஏதோ கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் வாயைப் பார்த்தேன். 'வீட்டுக்காரர் பேரையும் சேக்கட்டுமா, புருஷன் பொண்டாட்டிக்கு வரி கெடையாது.' நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி நின்றேன். 'இப்ப வேணாம்' என்றாய். உன் வாய் அசைவது எனக்குப் பாடம்.

பஸ் நிலையம்வரை கொண்டுவந்து விட்டாய். நன்றாகத்தான் ஓட்டுகிறாய். வழியெல்லாம் அதைப் பற்றி நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஏன் வேண்டாம்?

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 9

உங்களுக்கு,

ஆமாம், 'இப்ப வேணாம்' என்றுதான் சொன்னேன்.

வீடு உங்கள் பெயரில். பட்டறை உங்கள் பெயரில். தண்ணீர் வரி, கரன்ட் பில், பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் இருக்கிற எழுத்து, எல்லாம் நீங்கள். இத்தனையிலும் உங்கள் பெயரை எழுதியது என் கை. ஒரு நாளாவது 'உன் பேரையும் போடு' என்று சொன்னீர்களா? பட்டியும் துருவுமாக ஒரு வண்டி, அது மட்டும் எனக்கென்று இருக்கட்டும். இதில் வாத்தியாரும் இல்லை, நீங்களும் இல்லை. இது உங்கள்மேல் கோபம் இல்லை. கோபம் வேறு, அது தனியாக இருக்கிறது.

என் குரலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான் அன்று முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வாயிலிருந்து வந்த இந்தப் பேச்சை என்னைவிட முன்னால் அவள் கேட்டிருக்கிறாள், எழுதியிருக்கிறாள். நாற்பது வருஷம் உங்களுக்காக எழுதியவளுக்கு இப்படி ஒரு வரி எழுதக் கிடைத்ததில்லை. இதை அவளே உங்களுக்குப் படித்துக் காட்டுவாள், காட்டட்டும்.

அக்கா நடக்க இன்னும் ஐந்தாறு மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை நான் வர முடியாது. மாடி அறை காலியாக இருக்கிறது. தெருக்கோடிப் பட்டறையில் தகரம் அடிக்கத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள். வண்டியின் இடது பக்கத்துக்கும் ஆள் வேண்டும். அக்காவுக்கும் சொல்லிவிட்டேன். "அந்த மனுஷனா, வரட்டும், எனக்குக் கேக்குற மாதிரி சண்ட போடுங்க, பொழுதாவது போகும்" என்கிறாள்.

வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நான்தான் ஓட்டுவேன். சிரிக்கக் கூடாது.


ஏப்ரல் 16

உனக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ். பட்டறைச் சாவியைத் தையல்காரனிடம் கொடுத்திருக்கிறேன். சுத்தியல், தகரத்துக்கு முட்டுக் கொடுக்கிற டாலி, இரும்புப் பெட்டியெல்லாம் கொண்டுவருகிறேன். கனமாக இருக்கும், நீ வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடு.

பெயர் உன் பெயராகவே இருக்கட்டும். நான் கேட்கப் போவதில்லை. இடது பக்கத்தை நான் புதுசாக்கித் தருகிறேன், கூலி வேண்டாம்.

ஒன்றே ஒன்று. பின் சீட்டில் உன் அக்கா உட்காரட்டும். முன்னால் உனக்குப் பக்கத்தில் நான். அந்த இடத்தில் இனி வேறு ஆண்பிள்ளை யாரும் உட்காரக் கூடாது, கண் தெரிந்தவனும் சரி, தெரியாதவனும் சரி.

இதை எழுத மாட்டேன் என்றாள் ஜெராக்ஸ் கடைக்காரம்மா. எழுதி முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.